ஜனவரியில் ஒரேகன் கடற்கரைப் பயணம்: சாலையை விடக் கரையில்தான் கவனம் வேண்டும்

ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லாண்டை அடுத்த ஹில்ஸ்பரோவில் வேலை பார்க்கும் ஐந்து நண்பர்கள், ஜனவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஒரே காரில் கிளம்பி, கேனன் பீச்சில் தொடங்கி 101-ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியா எல்லை வரை சென்று ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா, அந்தச் சாலை குளிர்காலத்தில் ஆபத்தானதா, அந்த மாதத்துக் கடலில் போய்ப் பார்க்கும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐவரில் ஒருவர்தான் மழையில் நெடுந்தொலைவு ஓட்டிப் பழகியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று என்றாலும், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்சத் தேவையில்லை என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன். பனி, டயர், சங்கிலி என்று சாலையைப் பற்றி விரிவாகக் கேட்ட நீங்கள், காரை நிறுத்திவிட்டு மணலில் இறங்கிய பிறகு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. என் பதிலின் பெரும்பகுதி அந்தக் கேட்காத கேள்விக்கானது. நான் கடற்கரைப் பொறியியல் படித்தவன்; பதினெட்டுக் குளிர்காலங்களாக ஒரேகனில் வசித்து, ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது மூன்று நான்கு முறை இந்தக் கரைக்குப் போய்வருகிறேன்.

தொலைவை முதலில் தீர்த்துவிடலாம். ஒரேகன் கடற்கரையின் நீளம் ஏறத்தாழ 363 மைல். நீங்கள் சொல்லும் பாதையில் வீட்டிலிருந்து வீடு வரை 700 மைலுக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும். கேனன் பீச்சிலிருந்து எல்லை வரை நிற்காமல் போனாலே எட்டு மணி நேரம் பிடிக்கும். ஏனெனில் 101 என்பது ஊர்களின் நடுவே 25 மைல் வேகத்துக்கு இறங்கி, முனைகளைச் சுற்றி வளைந்து செல்லும் இருவழிச் சாலைதான். ஜனவரி நடுவில் சூரியன் காலை 7.50 வாக்கில் எழுந்து மாலை 5 மணியளவில் மறைந்துவிடும். ஒன்பது மணி நேரச் சொச்ச வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தால், கடல் உங்களுக்கு வலப்பக்கக் கண்ணாடியில் ஓடும் ஒரு சாம்பல் பட்டையாக மட்டுமே இருக்கும். ஆகவே எல்லை வரை போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். டீபோ பே என்னும் சிற்றூரிலிருந்து தெற்கே ஹெசீட்டா முனை வரை உள்ள ஏறத்தாழ 50 மைல் நீளமே இரண்டு நாளுக்குப் போதும். குளிர்காலத்துக்கு அதைவிடச் சிறந்த பகுதி இந்தக் கரையில் இல்லை என்பது என் கருத்து. நியூபோர்ட்டிலோ யாஹட்ஸிலோ தங்குங்கள். வெள்ளி மாலை இருட்டில் மலை கடப்பதை விடச் சனி காலை நன்றாக விடிந்தபின் கிளம்புவது நல்லது. அப்படியானால் ஓர் இரவு வாடகையும் மிச்சம்.

இனி சாலை. கடலோரத்தில் பனி விழுவது அரிது. ஜனவரியில் அங்கே பகல் வெப்பம் பெரும்பாலும் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியும், இரவில் 40-க்குச் சற்றுக் கீழேயும் இருக்கும். சிக்கல், உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள கரையோர மலைத்தொடரில்தான். 26-ஆம் சாலையாகட்டும், 6, 18, 20 ஆகியவையாகட்டும், எல்லாமே அந்த மலையைக் கடந்தாக வேண்டும். உச்சிகள் பெரிய உயரமில்லை என்றாலும், மரநிழலில் வெயில் படாத வளைவுகளில் காலை ஒன்பது மணி வரையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைபனி படிந்திருக்கும். உறைமழை என்பது இன்னும் கொடியது, அது உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் அதிகம்: கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கிலிருந்து குளிர்காற்று வந்து தரையில் படிந்திருக்க, மேலே ஈரக்காற்று மழையைப் பொழிந்தால், விழும் துளியெல்லாம் தரைபட்டதும் கண்ணாடியாகிவிடும். 2024 ஜனவரி நடுவில் போர்ட்லாண்ட் பகுதி பல நாள் முடங்கியது அதனால்தான். எனவே "கடற்கரையில் வானிலை எப்படி" என்று பார்ப்பதோடு நில்லாமல், வீட்டருகேயும் மலையுச்சியிலும் எப்படி என்று பாருங்கள். ஒரேகன் போக்குவரத்துத் துறையின் டிரிப்செக் தளத்தில் மலையுச்சிகளின் கேமராப் படங்கள் உண்டு. சங்கிலி கட்டாயமா, மரம் விழுந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே வரும். சங்கிலி வேண்டியிராத பயணமாகவே பெரும்பாலும் அமையும். இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள், கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மழையைப் பொறுத்தவரை, நியூபோர்ட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,700 மி.மீ.; சென்னைக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. அளவில் பெரிய வேறுபாடில்லை, தன்மையில்தான் வேறுபாடு. இங்கே அது ஐப்பசி மழைபோலக் கொட்டி ஓயாமல், காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் மணிக்கணக்கில் அடிக்கும். சாலையில் தேங்கிய நீரில் டயர் பிடி நழுவுவதுதான் ஓட்டுநர் அஞ்ச வேண்டியது. வேகத்தைப் பத்து மைல் குறைத்தால் அந்த அச்சத்தில் பெரும்பாதி தீர்ந்துவிடும். இரண்டாவது ஓட்டுநர் ஒருவர் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அவர் பகலில் மட்டும், 101-இல் மட்டும் ஓட்டினால் போதும். மலையைக் கடப்பதைப் பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

சாலை பற்றி இவ்வளவு போதும். இனிச் சொல்லப்போவதை ஐவரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கன்னியாகுமரி, கேரளக் கடலோர மீனவர்களிடம் "கள்ளக்கடல்" என்றொரு சொல் உண்டு. காற்றில்லை, மழையில்லை, வானம் வெளுத்திருக்கிறது. அப்படியிருக்கக் கடல் திருடனைப்போல் ஓசையில்லாமல் வந்து கரையேறிவிடும் என்பதால் அந்தப் பெயர். பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே எங்கோ அடித்த புயலின் அலைகள் சில நாள் கழித்து நம் கரையைத் தொடுவதே அதன் காரணம் என்று இன்று நமக்குத் தெரியும்; இந்தியக் கடல்சார் தகவல் மையம் இப்போது அந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே மாதத்தில், நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு வந்து கடலைப் பார்க்கப் போன மருத்துவ மாணவர்கள் ஐவர் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் உயிரிழந்ததை நீங்கள் செய்திகளில் படித்திருக்கலாம். அப்போதும் அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஒரேகனில் மக்கள் அஞ்சும் "ஸ்னீக்கர்" அலையும் இந்தக் கள்ளக்கடலும் ஒன்றேயல்ல. கள்ளக்கடலில் கரையோரமெங்கும் நீர் ஏறி மணிக்கணக்கில் நிற்கும். ஸ்னீக்கர் அலையோ ஒரு தனி அலையாகவோ சில அலைகளின் வரிசையாகவோ வந்து, மற்ற அலைகள் தொட்ட கோட்டைத் தாண்டி நூறடிக்கும் மேலாக மணலில் ஓடிவிட்டுத் திரும்பிவிடும். ஆனால் இரண்டும் தொலைதூரப் புயல் பெற்றவையே.

இதன் கணக்கு எளிது, தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பயன்படும். ஆழ்கடலில் அலையின் நீளம், ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே கடக்கும் விநாடிகளின் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். பத்து விநாடி அலைக்கு அது 156 மீட்டர். பதினேழு விநாடி அலைக்கு 450 மீட்டர். இரண்டும் ஒரே உயரம் கொண்டவையாகக் கடலில் தோன்றலாம். ஆனால் நீளமான அலை தன் பின்னே கொண்டுவரும் நீரும் ஆற்றலும் மிக அதிகம். அது கரையில் உடைந்த பிறகும் ஓய்வதில்லை, மணல்மேல் மேலே மேலே ஓடிக்கொண்டே இருக்கும். பதினேழு விநாடி அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அலூஷியன் தீவுகளின் பக்கம் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயல், இரண்டரை நாள் கழித்து நீங்கள் வெயிலில் படமெடுத்துக்கொண்டிருக்கும் கரைக்கு வந்து சேரும். மழைநாளில் மக்கள் தாமாகவே ஒதுங்கி நிற்பார்கள். வெயில் நாளில்தான் நீர்வரை நடப்பார்கள். அதனால்தான் தெளிந்த வானம் இங்கே நம்பத்தக்க அடையாளமல்ல. தேசிய வானிலைச் சேவையின் கடல் முன்னறிவிப்பில் அலை உயரத்துக்குப் பக்கத்திலேயே அலைக்கால விநாடியும் கொடுக்கப்பட்டிருக்கும். உயரம் பத்தடிக்கு மேலும், அலைக்காலம் 14 அல்லது 15 விநாடிக்கு மேலும் இருந்தால், அன்று நான் மணலில் இறங்குவதில்லை. இது என் சொந்த வரம்பு, அதிகாரப்பூர்வமானதல்ல. இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சேவை "கடற்கரை அபாய அறிவிப்பு" வெளியிட்டிருந்தால், என் வரம்பை மறந்துவிட்டு அதற்குக் கட்டுப்படுங்கள்.

எந்த நாள் ஆபத்தான நாள் என்று ஓரளவு சொல்லலாம். எந்த அலை, எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் ஏறும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஏழாவது அலைதான் பெரியது என்று நம் ஊரிலும் இங்கும் சொல்வார்கள், அதற்கு ஆதாரமில்லை. அலைகள் கூட்டங்களாக வரும் என்பது உண்மை. கூட்டத்தில் எத்தனை, இடைவெளி எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறும். பதினைந்து இருபது நிமிடம் கடல் அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இறங்கும் முன் உயரமான இடத்தில் இருபது நிமிடமாவது நின்று பாருங்கள். ஈரமணலின் மேல்கோடு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலேயே நில்லுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்காதீர்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெருமரத்துண்டுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். என் இரண்டாவது குளிர்காலத்தில் யாஹட்ஸுக்குத் தெற்கே ஒரு சிறு கரையில் நாங்கள் நால்வர் நின்றிருந்தோம். காற்றே இல்லை, வெயில் முதுகில் படும் அளவுக்கு இருந்தது. நண்பர் ஒருவர், மூன்றடி விட்டமும் முப்பதடி நீளமும் உள்ள ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து, குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். நீர் வந்த ஓசைகூட எனக்கு நினைவில்லை. கணுக்கால் நனைந்தது, மரம் மெல்ல உருண்டது, அவ்வளவுதான். அவர் மரத்தின் மேட்டுப்பக்கமாக விழுந்ததால் பிழைத்தார். மரம் கடலை நோக்கி உருண்டு போனது. அன்று வந்த நீரின் ஆழம் ஒரு சாணுக்கு மேல் இருந்திராது. பல டன் எடையுள்ள மரத்தை உருட்டிவிட அவ்வளவே போதும் என்று பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்த நான், அந்த மரத்தைப் பார்த்தபோது அதை நினைக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு வரும் எவரையும் மரத்தின்மேல் உட்கார விடுவதில்லை. யாராவது நீருக்குள் இழுக்கப்பட்டால், பின்னாலேயே குதிக்காதீர்கள். ஜனவரிக் கடலின் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட்; விழுந்த முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது. 911-ஐ அழைத்து, விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல், மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள்.

ஓதத்துக்கு, அதாவது கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும், வருவோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும் என்பது கடலோரத் தமிழர் எல்லோரும் அறிந்ததே. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில் என்பதால், டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலவும் பூமியை நெருங்கும் அமாவாசை அல்லது பௌர்ணமி வாய்த்தால், ஆண்டின் மிக உயர்ந்த ஏற்றங்கள் வரும்; இங்கே அவற்றை அரச ஓதம் என்பார்கள். ஒரேகனில் குளிர்காலத்தின் பெரிய ஏற்றம் பெரும்பாலும் முற்பகலை ஒட்டியும், ஆழ்ந்த வற்றம் மாலையிலோ இரவிலோ அமையும். இதனால் உங்களுக்கு இரண்டு விளைவுகள். பாறைக்குட்டைகளில் நட்சத்திரமீனும் கடற்சாமந்தியும் பார்க்கும் ஆசையைக் கோடைக்கு ஒத்திவையுங்கள். வற்றம் இருட்டில் வரும்போது வழுக்குப்பாறையில் இறங்குவது வேண்டாத துணிச்சல். அதே சமயம், அலை பாறையில் மோதி எழுவதைப் பார்க்க முற்பகலே நல்ல நேரம். ஓத அட்டவணையைப் பார்த்து, ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள்.

எங்கே நிற்பது? டீபோ பேயில் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடையே ஒரு கல்சுவர்தான். பாறை வெடிப்புகளின் வழியே நீர் பீறிட்டுச் சுவரைத் தாண்டி நடைபாதையில் விழும். காரில் இருந்தபடியே பார்க்கலாம். அங்கேயே மாநிலப் பூங்காத் துறையின் திமிங்கிலப் பார்வை மையம் இருக்கிறது. ஆர்க்டிக்கை ஒட்டிய கடல்களில் கோடை முழுவதும் தின்றுவிட்டு, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் கழிமுகங்களில் குட்டி ஈனப் போகும் சாம்பல் திமிங்கிலங்கள் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை இந்தக் கரையைக் கடந்து தெற்கே செல்கின்றன. நீங்கள் போகும் வாரத்தில் அந்த வரிசையின் வால்பகுதி கிடைக்கலாம். ஆனால் உறுதி சொல்ல மாட்டேன்: அவை விடும் மூச்சு நீராவி பத்துப் பன்னிரண்டு அடி உயரமே எழும், வெண்நுரை பொங்கும் கடலில் அதைப் பிரித்தறிவது கடினம். பெரிய அலையும் திமிங்கிலமும் ஒரே நாளில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமிராது. சற்றுத் தெற்கே, கடலுக்கு 500 அடி மேலே ஒரு முனை. 1778 மார்ச்சில் கப்பலில் வந்த ஜேம்ஸ் குக், அன்று கண்ட வானிலையை வைத்தே அதற்குக் "கெட்ட வானிலை முனை" என்று பொருள்படும் பெயரிட்டார். காற்று அதிகமுள்ள நாளில் அங்கே கார்க்கதவைத் திறக்கும்போது இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நியூபோர்ட்டுக்கு வடக்கே யாக்வினா முனையில் 1873-இல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கம் 93 அடி உயரம், இந்த மாநிலத்தில் மிக உயரமானது அதுவே. அதன் கீழே உள்ள சிறு கரையில் மணல் இல்லை, எரிமலைப் பாறை உடைந்து உருண்டு திரண்ட கருங்கற்கள்தாம். அலை திரும்பும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசும் ஓசையை மேலே படிக்கட்டில் நின்றே கேட்கலாம். அந்தப் பாறை ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் வெடிப்புகளில் பொங்கிய குழம்பு ஆறாக ஓடிவந்து கடலில் இறுகியது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்தது அடுத்து வரும் யாக்வினா விரிகுடாப் பாலம். பொறியாளர் காண்டே மெக்கல்லோ வடிவமைத்து 1936-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட அவருடைய கடலோரப் பாலங்கள் ஐந்து, அதுவரை படகில் கடந்துகொண்டிருந்த 101-ஐத் தொடர்ச்சியான சாலையாக்கின. அவற்றில் ஒன்றான வால்ட்போர்ட் பாலம் உப்புக்காற்றில் உள்ளிரும்பு அரித்துப்போய் 1991-இல் மாற்றப்பட்டது. அந்தக் கதி மற்றவற்றுக்கு வராமலிருக்க, காங்கிரீட்டின் மேல் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, சிறு மின்னோட்டம் செலுத்தி அரிப்பைத் தடுக்கும் முறையை ஒரேகன் கையாளத் தொடங்கியது. தெற்குக் கரையில் இறங்கிப் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே பத்து நிமிடம் நில்லுங்கள். மழையானாலும் நனையாமல் பார்க்கக்கூடிய காட்சி அது.

யாஹட்ஸுக்குத் தெற்கே பெர்பெட்சுவா முனைதான் உங்கள் ஞாயிறு முற்பகலுக்கு உரிய இடம். கார் போகும் உச்சி 800 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே, எரிமலைப் பாறையில் கடல் அறுத்த நீண்ட பிளவு ஒன்று. அலை உள்ளே நுழைந்து இரு சுவரிலும் மோதிக் குமுறுவதால் அதற்கு "பிசாசின் கடைகலம்" என்று பொருள்படும் பெயர். சற்றுத் தள்ளி, கிணறுபோல் குழிந்த தோர்ஸ் வெல். இணையத்தில் நீங்கள் பார்த்திருக்கும் படங்களெல்லாம் அந்தக் குழியின் விளிம்பில் நின்று எடுத்தவை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெடுஞ்சாலையோர நிறுத்துமிடத்திலிருந்தே அது நன்றாகத் தெரியும். ஏற்ற நேரத்தில் அந்தப் பாறைத்தளம் முழுவதும் நீர் புரண்டு ஓடும். பாசிமேல் கால் நின்றாலும் நீர் நிற்கவிடாது. அங்கிருந்து தெற்கே 1894-இன் ஹெசீட்டா கலங்கரை விளக்கம். அதற்கும் அப்பால் ஒரு மைல் தொலைவில் கடற்சிங்கக் குகை. கோடையில் வெளிப்பாறைகளில் கிடக்கும் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள் குளிர்காலத்தில்தான் குகைக்குள் அடைகின்றன என்பதால், ஜனவரிப் பயணத்துக்கு ஏற்றது.

லிங்கன் சிட்டிக்கு வடக்கே உள்ள நெஸ்கோவின் கரையையும் குறிப்பிட விரும்புகிறேன். நம் 50 மைலுக்கு வெளியே இருந்தாலும், குளிர்காலம் கடற்கரை மணலை அரித்துச் செல்வதால் வெளிப்படும் காட்சி அது. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய ஊசியிலை மரங்களின் அடிக்கட்டைகள், சிப்பி மூடி, அலையோரத்தில் நிற்கின்றன. 1997-98 குளிர்காலப் புயல்கள் மணலை வாரிச் சென்றபோது பெருமளவில் தெரியவந்தவை அவை. அந்தக் காடு எப்படி மூழ்கியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நிலநடுக்கத்தில் தரை திடீரெனத் தாழ்ந்தது என்பது பலருடைய விளக்கம், மெல்ல மணல் மூடியது என்பாரும் உள்ளனர். ஆனால் இந்தக் கரைக்கு வெளியே கடலடித் தட்டு ஒன்று நிலத்துக்கடியில் செருகிக்கொண்டிருக்கிறது என்பதும், 1700 ஜனவரி 26 இரவில் அங்கே ஏறத்தாழ 9 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது என்பதும், அதன் ஆழிப்பேரலை ஜப்பான் வரை சென்று அங்கே எழுத்தில் பதிவானது என்பதும் ஐயமற்றவை. அடுத்தது எப்போது என்று எவராலும் சொல்ல இயலாது. 2004 டிசம்பர் 26-இல் நாகப்பட்டினத்துக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நமக்குச் சொல்லத்தான் ஆளில்லை. இங்கே அது இருபது நிமிட அளவில் வந்துவிடும். தரை பலமாக, நெடுநேரம் ஆடினால் அதுவே எச்சரிக்கை. சங்கொலிக்கோ கைப்பேசிச் செய்திக்கோ காத்திராமல், காரை விட்டுவிட்டு மேட்டை நோக்கி நடந்தே ஏறுங்கள். விடுதிக்குப் போனதும், வெளியேறும் வழி காட்டும் நீலப் பலகை எந்தத் தெருவை நோக்கியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள். இதற்கு மேல் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை.

சில சிறு செய்திகள். குடை இங்கே பயன்படாது. நீர்புகாச் சட்டையும் காற்சட்டையும் வேண்டும், ஜீன்ஸ் நனைந்தால் காயாது. குளிர்காலத்தில் சிற்றூர் உணவகங்கள் சீக்கிரம் மூடிவிடும், மின்தடையும் நேரும். சைவம் சாப்பிடுவோர் இருந்தால் சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள், முதல் நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். நண்டு பிடிக்க ஆசையிருந்தால் யாக்வினா விரிகுடாவின் பொதுப் படகுத்துறையில் வலைவளையம் இறக்கலாம். உரிமம் கட்டாயம், 5¾ அங்குலத்துக்குக் குறையாத ஆண் டஞ்சனஸ் நண்டுகள் மட்டும், ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு. கடற்பாசி நச்சு காரணமாக அவ்வப்போது தடை வரும். அந்த நச்சு வேகவைத்தாலும் போகாது என்பதால், அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டே இறக்குங்கள். மணல் முழுவதும் மக்கள் நடமாடத் திறந்தது: 1913-இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்டின் முயற்சியால் சட்டமன்றம் கரையை நெடுஞ்சாலையென அறிவித்துக் காத்ததையும், 1967-இல் ஆளுநர் டாம் மெக்கால் காலத்துச் சட்டம் காய்ந்த மணலிலும் மக்களின் உரிமையை உறுதிசெய்ததையும் அடுத்து, யாருடைய விடுதி முன்னாலும் நீங்கள் நடக்கலாம்.

போவதா வேண்டாமா என்பதை வியாழன் மாலை முடிவு செய்யுங்கள். ஐந்து நாளுக்கு அப்பாலான முன்னறிவிப்பை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. இரண்டு நாள் முன்னதாக வரும் காற்று, அலை, மழைக் கணிப்புகள் பெரும்பாலும் நம்பத்தக்கவை. பலத்த மழையும் புயற்காற்று எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால் மரம் விழுந்தும் மண் சரிந்தும் மலைச்சாலைகள் மூடக்கூடும். 2007 டிசம்பர்த் தொடக்கத்துப் புயலில் வடகரை ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்தன. அப்படியென்றால் தள்ளிப்போடுங்கள், அதற்காகவே, ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதியாகப் பதிவு செய்யுங்கள். வெறும் மழையும் பெரிய அலையும் என்றால் தாராளமாகப் போங்கள், கரையில் இறங்காமல் முனைகளிலிருந்து பாருங்கள். அதைப் பார்க்கத்தான் குளிர்காலத்தில் போகிறோம். ஞாயிறன்று இரண்டு மணிக்குள் நியூபோர்ட்டிலிருந்து 20-ஆம் சாலையில் கிளம்பினால், மலையை வெளிச்சத்திலேயே கடந்து, மூன்றரை மணிக்குள் கார்வாலிஸ் சேர்ந்து, இருட்டும் நேரத்தில் ஐ-5 என்னும் அகன்ற சாலையில் இருப்பீர்கள்.